கிருஷ்ணகிரிக்கு வரும் நண்டு: இழுவைமடியா, நண்டு வலையா, சேற்று நண்டா, வயல் நண்டா?

பெங்களூரு சாலையில் மெஸ் நடத்துகிறவருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வாங்கப் பையோடு நிற்கிறவருக்கும் வரும் குழப்பம் ஒன்றேதான். பார்க்க ஒரே மாதிரி நண்டு, ஒரு கடையில் முந்நூறு, அடுத்த கடையில் நானூற்றைம்பது. எதை வாங்குவது? இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: "நண்டு குறைந்துகொண்டே வருகிறது, கடலடியை உரசி இழுக்கும் இழுவைமடி வலையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கிறார்கள். கடலே இல்லாத தர்மபுரி, கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு நாம் எதை வாங்கினால் என்ன?"

விலை வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் அந்த நண்டைப் பிடித்த வலை. அதனால் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்கலாம். இந்த ஊருக்கு வரும் நண்டு நான்கு வகை: விசைப்படகின் இழுவைமடியில் வருவது, நாட்டுப்படகின் நண்டு வலையில் வருவது, உயிரோடு கட்டி வரும் சேற்று நண்டு, நம் வயலிலேயே பிடிக்கும் நண்டு. உறைய வைத்த நண்டும் உண்டு. அதற்கு நாலு வரி போதும்.

## எதை வைத்து அளப்பது

ஐந்து விஷயங்கள். ஐந்துக்கும் ஒரே எடை கிடையாது. மெஸ்காரருக்கு இரண்டாவதும் மூன்றாவதும் முக்கியம். வீட்டுக்காரருக்கு இரண்டாவது மட்டும் போதும் என்று தோன்றும், ஆனால் முதலாவதைப் பார்த்து வாங்கினால் மற்றவை பாதி தானாகவே சரியாகிவிடும்.

1. பிடித்த விதம்: குஞ்சும் சினை நண்டும் எவ்வளவு சேர்ந்து சாகின்றன.
2. வந்து சேரும் நிலை: ராமேஸ்வரத்திலிருந்து கிருஷ்ணகிரி ஏறக்குறைய 500 கி.மீ., சென்னையிலிருந்து 250 கி.மீ.க்குச் சற்று மேல். செத்த நண்டு மீனைவிட வேகமாகக் கெடும்.
3. கிலோ விலையைக் காட்டிலும், இலையில் விழும் சதையின் விலை.
4. விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்திலும் கிடைக்குமா.
5. பில்லில் வராத செலவு: கழிவு, ஐஸ் தண்ணீர், கயிறு, எரிவாயு, திருப்பி அனுப்பும் தட்டு.

## கடலில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது, நண்டுக்கு அது ஏன் பத்தவில்லை

நாம் அதிகம் சாப்பிடும் கடல் நண்டு நீலக்கால் நண்டு. பகலில் மணலிலும் சேற்றிலும் புதைந்து கிடக்கும், இரவில் இரை தேடும். குஞ்சுகள் வளர்வது கரையோர ஆழமில்லாத கடற்புல் தரையில். இழுவைமடி தரையை உரசிக்கொண்டே போகும் வலை. அடிக்கயிறும் ஈயமும் மண்ணைக் கிளறி, புதைந்து கிடப்பதை எழுப்பி மடிக்குள் தள்ளும். ஓடு உரித்த மிருதுவான நண்டு அதில் நசுங்கும். தப்பி ஓட நண்டு தன் காலைத் தானே கழற்றிவிடும் இயல்புடையது. அதனால் "சிறுசைத் திருப்பிக் கடலில் போட்டோம்" என்று சொன்னாலும், கால் போன குஞ்சு பிழைப்பது அரிது.

தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டு வந்த கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையை ஒட்டிய சில கடல் மைலுக்குள் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் இரட்டை மடிக்கும் தடை உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. இலங்கை 2017இல் தன் கடலில் இழுவைமடியை அடியோடு தடை செய்துவிட்டது. அதே ஆண்டு இங்கே இழுவைமடிப் படகை விட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுக்கு மாறும் திட்டம் வந்தது. அப்போது படகின் மதிப்பு 80 லட்சமாக இருந்தது, அதில் மீனவர் கையிலிருந்து போட வேண்டியிருந்தது 8 லட்சம், இன்னும் 16 லட்சம் வங்கிக் கடன், மீதி மத்திய, மாநில அரசுகளின் மானியம்.

இவ்வளவு இருந்தும் நண்டுக்கு மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. வெப்பக் கடலில் நீலக்கால் நண்டு வருடம் முழுக்கச் சினை வைக்கும், ஆகவே 61 நாள் தடை அதில் ஒரு பகுதியைத்தான் காக்கும். இரண்டாவது, இழுவைமடியின் கண்ணியை (வலைத் துளையை) பெரிதாக்கினால் மீன் குஞ்சு வழுக்கி வெளியேறும், நண்டுக் குஞ்சின் முள்ளும் காலும் கண்ணியில் மாட்டிக்கொள்ளும். மூன்றாவதுதான் நம் பக்கம் இருப்பது: கரையோரம் இழுத்த சிறு நண்டுக்கும் உள்ளூரில் வாங்க ஆள் இருக்கிறது. நடுக்கடலில் ரோந்து போகும் அதிகாரி பார்க்க முடியாததைக் கிருஷ்ணகிரி சந்தையில் ஒரு ஸ்கேல் பார்த்துவிடும்.

## இழுவைமடி நண்டு

எப்படி வருகிறது. ஒரு இழுப்பு இரண்டு மூன்று மணி நேரம்கூட நீளும். அவ்வளவு நேரமும் மீன், சேறு, சிப்பி எல்லாவற்றின் பாரமும் நண்டின் மேல். மடியைப் படகில் கொட்டும்போது நீலக்கால், மூன்று புள்ளி நண்டு, சிலுவை நண்டு எல்லாம் கலந்து வரும். பெரியது ஏற்றுமதிக்கும் நகரத்துக்கும் தனியாகப் போகும், மிச்சம் 'மிக்ஸ்' பெட்டியாக ஏலத்தில் விழும். உள்நாட்டு ஊர்களுக்கு அதிகம் ஏறுவது இந்த மிக்ஸ் பெட்டிதான். அதற்கும் கீழே உள்ள, கையகலம்கூட இல்லாதவை 'சங்காயம்' என்ற குவியலுக்குப் போகும். காய்ந்து மீன்தூளாகி, கோழித்தீவனத்தில் சேரும். நாமக்கல் கோழிப்பண்ணைப் பக்கம் போகிற தீவனத்தைக் கேட்டால் இந்தக் கதையின் வால் நமக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று தெரியும்.

வந்து சேரும் நிலை. இங்கே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: ஒரு நாள் படகா, பல நாள் படகா? ராத்திரி போய்க் காலையில் திரும்பும் படகின் நண்டும், வாரக்கணக்கில் தங்கிவிட்டு வரும் படகின் அடிப்பெட்டி நண்டும் ஒன்றாகாது. செத்த நண்டின் ஈரல் பகுதியில் உள்ள செரிமான நீர் அதன் சதையையே கரைக்கத் தொடங்கும். வேகவைத்துப் பிளந்தால் சதை இழையாக வராமல் மாவாக ஒட்டுவதற்குக் காரணம் இதுதான், மசாலாவின் குற்றமில்லை. செவுளில் சேறு ஏறியிருப்பதால் கழுவவும் அதிக நேரம் ஆகும்.

சதைக் கணக்கு. நல்ல நீலக்கால் நண்டில் சதை மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கைச் சுற்றி வரும். சிறியதில் அதுவும் குறையும். ஓடு உரித்துச் சில நாளே ஆன 'தண்ணி நண்டு' என்றால் உள்ளே நீர்தான் இருக்கும். மிக்ஸ் பெட்டி வாங்குகிறவர் ஒருமுறையாவது இதைச் செய்து பார்க்க வேண்டும்: பெட்டியைக் கொட்டி, உடைந்தது, தண்ணி நண்டு, அளவு சிறிய நண்டு மூன்றையும் தனியே எடுத்து நிறுத்துங்கள். கழிவு மூன்றில் ஒரு பங்கு வந்தால், 300 ரூபாய்க்கு வாங்கிய கிலோ உண்மையில் 450 ரூபாய். (விலை தினமும் மாறும். இது கணக்குக்காக எடுத்த எண், உங்கள் வியாபாரி சொல்லும் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.) கால் பங்கு என்றால் 400. வலை நண்டின் விலையும் இதுவும் எங்கே சந்திக்கின்றன என்பதைக் காகிதத்தில் போட்டுவிட்டால் தயக்கம் தீர்ந்துவிடும்.

எப்போது இதுவே சரி. சாறு, ரசம், தொக்குக்கான அடிச்சாறு போன்றவற்றுக்கு, அதாவது நண்டை இடித்து வடிகட்டும் வேலைக்கு, முழு உருவம் தேவையில்லை. சற்று ஆழத்தில் பிடிபடும், நன்கு வளர்ந்த மூன்று புள்ளி நண்டும் சிலுவை நண்டும் ஒரு நாள் படகிலிருந்து வந்தால் தாராளமாக வாங்கலாம். சிறு நீலக்கால் கலந்த பெட்டி என்றால், விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

## நண்டு வலை நண்டு

எப்படி வருகிறது. நாட்டுப்படகுக்காரர் சாயங்காலம் தரையோடு ஒட்டி வலையை நீட்டிவிட்டு, விடியற்காலை எடுப்பார். நண்டு தானாக நடந்து வந்து சிக்கும். தரை கிளறப்படுவதில்லை. கண்ணி பெரிதாக இருந்தால் குஞ்சு புகுந்து போய்விடும். சிக்கிய நண்டு கரைக்கு வரும்போது பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

இதையும் தூக்கிவைத்துப் பேச வேண்டியதில்லை. சினை நண்டு வலைக்கும் இழுவைமடிக்கும் பேதம் பார்க்காமல் சிக்கும். அறுந்துபோன நைலான் வலை கடலடியில் கிடந்து, எடுக்க ஆளில்லாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். வரத்து குறையக் குறையச் சிலர் கண்ணியைச் சிறிதாக்குகிறார்கள், அப்போது இழுவைமடியோடு இருக்கும் வித்தியாசமே மங்கிவிடுகிறது. ஆகவே "வலை நண்டு" என்ற ஒரு சொல்லை நம்பி வாங்கக் கூடாது. அளவையும் அடிவயிற்று மடலையும் பார்த்து வாங்க வேண்டும்.

அளவு பார்ப்பது. ஓட்டின் இரண்டு பக்கமும் நீட்டியிருக்கும் பெரிய முள்ளின் நுனிக்கு நுனி அளக்க வேண்டும். 10 செ.மீ.க்குக் குறைந்தது வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். பெண் நண்டு இனப்பெருக்கத்துக்கு வரும் அளவு சுமாராக இதை ஒட்டித்தான் இருக்கிறது. ஸ்கேல் இல்லையா? ஏ.டி.எம். கார்டின் நீளம் எட்டரை செ.மீ. கார்டை ஓட்டின் மேல் வைத்து, அதற்கப்பால் ஒரு விரல் அகலம் மிஞ்சினால் சரி. தராசில் பார்க்கிறவர்களுக்கு: கிலோவுக்குப் பத்து நண்டுக்கு மேல் ஏறும்போதே கார்டை எடுத்துவிடுங்கள்.

மடல் பார்ப்பது. நண்டைப் புரட்டினால் அடிவயிற்றில் ஒரு மூடி மடிந்திருக்கும். ஆணுக்கு அது ஒடுங்கிக் கூராக இருக்கும், காலும் கொடுக்கும் நீலம் பாய்ந்திருக்கும். வளர்ந்த பெண்ணுக்கு அகன்ற அரைவட்டம், உடல் பச்சை கலந்த பழுப்பு. பழுப்பு நிறமாக இருந்து மடல் முக்கோணமாக, நகத்தால் கிளப்பினாலும் எழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அது இன்னும் ஒருமுறைகூட முட்டையிடாத இளம் பெண். அதை எடுக்காதீர்கள்.

மடலுக்கு வெளியே பஞ்சுபோல் முட்டைத் திரள் தொங்கினால் சினை நண்டு. மஞ்சள், ஆரஞ்சு நிறம் என்றால் புதிதாக வைத்தது, கரும்பழுப்பு, கருப்பு என்றால் பொரியும் தறுவாய். ஒரு திரளில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். "சினை நண்டுதான் ருசி" என்று தேடிக் கேட்கிறவர்கள் இரண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். ருசியாக இருப்பது ஓட்டுக்குள்ளே இருக்கும் செம்மஞ்சள் கரு. வெளியே தொங்கும் திரளை யாரும் சமைப்பதில்லை, கழுவும்போதே சாக்கடைக்குப் போகிறது. ஆனால் நிறுக்கும்போது அதற்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். நீலக்கால் நண்டு ஒருமுறை இணைந்த பிறகு அந்த விந்தைச் சேமித்துவைத்துப் பல தடவை முட்டையிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பெண் நண்டை விட்டுவிடுவதன் மதிப்பு புரியும். ஆண் நண்டை மட்டும் கேட்டு வாங்குவது இதற்குச் சுலபமான வழி. கொடுக்கில் சதையும் ஆணுக்கே அதிகம்.

வந்து சேரும் நிலை. சரியாகக் கட்டியிருந்தால் இழுவைமடி நண்டைவிட ஒரு நாளாவது கூடத் தாங்கும். சரியாகக் கட்டுவது என்றால்: தெர்மாகோல் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, அடியில் ஒரு அடுக்கு உடைத்த ஐஸ், நண்டு, மேலே மறுபடி ஐஸ். ஏப்ரல், மே வெயிலில் நண்டும் ஐஸும் எடைக்கு எடை. ஓட்டை இல்லாத பெட்டியில் உருகிய தண்ணீரில் ஊறி வரும் நண்டின் ருசி கரைந்துபோகும், எடை மட்டும் ஏறும். பெட்டி வந்ததும் சல்லடைக் கூடையில் பத்து நிமிடம் வடியவிட்டு அப்புறம் நிறுங்கள். இதற்கு வியாபாரி முகம் சுளித்தால் காரணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

புதிது என்பதற்கு அடையாளம்: கையில் தூக்கினால் கால்கள் தொங்காமல் ஓரளவு விறைப்பாக நிற்கும். அளவுக்குக் கனமாக இருக்கும். அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்காது, அமுங்கினால் தண்ணி நண்டு. மடல் மடியும் கோட்டில் கருப்பு ஓடியிருந்தாலும், மூக்கைச் சுண்டும் அம்மோனியா வாடை அடித்தாலும் வேண்டாம். ஒரு பெட்டியில் நாலு நண்டை இப்படிப் பார்த்தால் போதும், மேலடுக்கில் இரண்டு, அடியில் கைவிட்டு இரண்டு.

தடைக்காலத்தில். இதுதான் வலை நண்டின் பெரிய பலம். தமிழ்நாட்டில் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு கடலுக்குப் போகும். வரத்து குறைவு, விலை கூடும், ஆனால் நண்டு வரும்.

எப்போது இதுவே சரி. முழு நண்டு மசாலா, வறுவல், விருந்தில் இலைக்கு ஒன்று என்று எண்ணி வைக்கும் பந்தி. வாரத்துக்கு நிலையாக 15, 20 கிலோ எடுக்கும் மெஸ் என்றால் நேராகக் கரையில் ஒருவரிடம் பேசிக்கொள்வது நல்லது. வாரத்துக்கு ஐந்து கிலோதான் என்றால் வண்டிக்கூலி கட்டாது, உள்ளூர் வியாபாரியிடமே அளவு சொல்லி வாங்கலாம்.

## சேற்று நண்டு

கொடுக்கைக் கட்டி உயிரோடு விற்கும் பச்சை கலந்த கரு நண்டு. களி நண்டு, கல் நண்டு என்றும் சொல்வார்கள். கழிமுகம், அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழ்வது. கூண்டு வைத்தோ வளை தோண்டியோ பிடிப்பார்கள். குளத்தில் வளர்ப்பதும் உண்டு. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் சேற்று நண்டுக் குஞ்சைப் பொரிப்பகத்திலேயே உற்பத்தி செய்கிறது. அப்படிப்பட்ட குஞ்சிலிருந்து வளர்ந்தது என்றால் காட்டிலிருந்து குஞ்சு எடுக்க வேண்டியதில்லை.

இழுவைமடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெலிந்த நண்டை மூன்று நாலு வாரம் கொழுக்க வைக்கும் பண்ணையில் போடும் தீனி பெரும்பாலும் மலிவான கழிவு மீன். அதாவது அதே சங்காயம். தீனிக்கு என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள். உள்நாட்டுக் குளத்து ஜிலேபி மீன் என்று பதில் வந்தால் நல்லது.

மறைந்த செலவு. முதலில் கயிறு. ஈரக் கயிற்றைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, மேலே சேற்றையும் அப்பியிருந்தால் கயிற்றுக்கும் சேற்றுக்கும் நண்டு விலை. ஒரு நண்டின் கட்டைப் பிரித்துக் கயிற்றை மட்டும் நிறுத்துப் பாருங்கள், பேரம் பேச அது போதும். அடுத்தது சாவு. ஈரச் சாக்கு போர்த்தி, காற்றோட்டத்தோடு, நிழலில் வைத்தால் சில நாள் தாங்கும். ஐஸ் மேல் போட்டால் சாகும், மூடிய டப்பாவில் சாகும். "தண்ணியில இருக்கறதாச்சே" என்று வாளியில் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்தால் அதைவிடச் சீக்கிரம் சாகும். கிருஷ்ணகிரி மே மாத மதியத்தில் டூவீலர் டிக்கியில் அரை மணி நேரம் என்றாலே ஆபத்து. செத்ததைச் சமைக்கக் கூடாது.

சமைக்கும் முன் கட்டைப் பிரிக்காமல் 20, 30 நிமிடம் ஐஸ் தண்ணீரில் வைத்தால் மரத்துப்போகும். பிறகு புரட்டி, மடலுக்கு அடியில் கூரான கம்பியால் குத்தினால் உடனே அடங்கும். உயிரோடு கொதிநீரில் போட்டால் கால்களைக் கழற்றிவிடும், சதைக்குள் தண்ணீர் ஏறும்.

எப்போது இதுவே சரி. விலை அதிகம், ஆனால் கழிவு குறைவு, கொடுக்குச் சதை கனம். மெனுவில் தனி விலை போட்டு, முன்பதிவுக்கு மட்டும் வைக்கும் கடைக்கு ஏற்றது. தினசரி சாப்பாட்டுக் கடைக்குக் கட்டாது. சளி பிடித்தவருக்குச் சூப் வைக்க ஒரு நண்டு போதும் என்கிற வீட்டுக்கும் பொருந்தும்.

## வயல் நண்டு

கிருஷ்ணகிரி அணைப் பாசனம் ஒன்பதாயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். காவேரிப்பட்டணம் பக்கம் நாற்று நட்டதும் வரப்பில் வளை வளையாகத் தெரியும். மழை தொடங்கிய பிறகு கிடைக்கும். கடல் நண்டைப்போல் இதற்குக் கடலில் மிதக்கும் குஞ்சுப் பருவம் கிடையாது. முட்டை பொரிந்ததும் சிறு நண்டாகவே தாயின் மடலுக்குள் இருந்து வெளியே வரும். மடலுக்குள் மிளகளவில் குஞ்சுகள் தெரிந்தால் அந்த நண்டைத் திருப்பி வயலில் விட்டுவிடுவது பழக்கம், நல்ல பழக்கம்.

இழுவைமடியோ ஐஸோ 500 கி.மீ. பயணமோ கிடையாது. எல்லா விதத்திலும் இதுவே ஜெயிக்கும் போல் இருக்கிறதே என்றால், இரண்டு சிக்கல். முதல் சிக்கல் தண்ணீர். தென்பெண்ணையில் பெங்களூரு பக்கத்துக் கழிவு கலந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது ஊரறிந்தது. நண்டு சேற்றில் கிடப்பதைத் தின்று வாழ்வது. பூச்சிமருந்து தெளித்த வயலிலும், கழிவுநீர் வாய்க்கால் ஓரத்திலும் பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். கிணற்றுப் பாசன வயலில், மருந்தடித்து நாளாகியிருந்தால் மட்டும் எடுங்கள்.

இரண்டாவது, நன்னீர் நண்டுக்குள் நுரையீரல் புழுவின் (மனித நுரையீரலில் தங்கும் ஒட்டுண்ணி) இளம்புழுப் பருவம் இருக்கக்கூடும். கொதித்தால் செத்துவிடும். ஆபத்து வருவது கொதிக்கும் முன்தான்: நண்டை உரலில் பச்சையாக இடித்துச் சாறு பிழியும்போது கை, உரல், வடிகட்டும் துணி எல்லாவற்றிலும் ஒட்டும். அதே கையால் கொத்தமல்லி கிள்ளிப் போட்டால் வேலை கெட்டது. இடித்த உரலைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி, சாற்றை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே புளித்தண்ணீரோடு சேர்க்க வேண்டும். உப்பு பார்க்கிறேன் என்று பாதியில் நாக்கில் வைக்கக் கூடாது.

சதை சொற்பம். ரசத்துக்கும் சாற்றுக்கும் மட்டும். கடைக்கு வாங்கிக் கட்டாது, வீட்டுக்குப் போதும்.

## உறைய வைத்தது

மைனஸ் 18 டிகிரி அறுபடாமல் வந்தால் நல்லதே. பாக்கெட்டுக்குள் பனித்தூளும் உறைந்த குட்டையும் தெரிந்தால் நடுவில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. வெட்டிய நண்டாக வருவதால் ஓட்டின் அளவும் மடலும் பார்க்க முடியாது, முதல் அளவுகோலே அடிபட்டுவிடுகிறது. தடைக்காலத்தைச் சமாளிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | இழுவைமடி | நண்டு வலை | சேற்று நண்டு | வயல் நண்டு |
|---|---|---|---|---|
| கடல் தரைக்குச் சேதம் | அதிகம் | மிகக் குறைவு | நேரடியாக இல்லை | இல்லை |
| குஞ்சும் சினையும் | இரண்டும் சாகும் | சினை சிக்கும். குஞ்சு கண்ணியைப் பொறுத்து | காட்டுக் குஞ்சா, பொரிப்பகமா என்று கேட்க வேண்டும் | கண்ணால் பார்த்து விட்டுவிடலாம் |
| இங்கே வரும்போது | உடைசல், கலப்பு | ஐஸில், பெரும்பாலும் முழுசாக | உயிரோடு | உயிரோடு |
| ஏமாறும் இடம் | தண்ணி நண்டு, பழையது | ஐஸ் தண்ணீர் எடை | கயிறு, சேறு, சாவு | பூச்சிமருந்து, புழு |
| ஏப்ரல் 15 – ஜூன் 14 | கிழக்குக் கரையில் கிடைக்கக் கூடாது | குறைவாகக் கிடைக்கும் | கிடைக்கும் | மழையைப் பொறுத்து |
| பொருந்தும் சமையல் | சாறு, தொக்கு | மசாலா, வறுவல், பந்தி | முன்பதிவு, சூப் | ரசம் |

## காலண்டரை வைத்து வியாபாரியைச் சோதிப்பது

கிழக்குக் கரை மூடியிருக்கும்போது மேற்குக் கரை நண்டு மங்களூர், கேரளம் வழியாக வரும். மேற்கில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் மட்டும் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும். ஆக ஜூன் 10 முதல் 14 வரை இரண்டு கரையிலும் இழுவைமடி ஓடக் கூடாத நாட்கள். அந்த ஐந்து நாளில் "இன்னைக்குக் காலைல வந்த போட் நண்டு" என்று மிக்ஸ் பெட்டியை யாராவது நீட்டினால் இரண்டில் ஒன்று: உறைய வைத்து உருக்கியது, அல்லது தடையை மீறிப் பிடித்தது. அதே நாட்களில் அளவான நீலக்கால் ஆண் நண்டு, காலில் வலை நூல் சுற்றிய தடத்தோடு, வழக்கத்தைவிடக் கூடின விலையில் வந்தால் அது நாட்டுப்படகு நண்டாக இருக்கலாம். வருடம் முழுக்க யாரிடம் வாங்குவது என்று முடிவெடுக்க இந்த ஐந்து நாளைவிட நல்ல சமயம் கிடைக்காது.

மெஸ்காரர்கள் வியாபாரிக்கு முதல் நாள் ராத்திரி அனுப்பும் செய்தியில் "நண்டு 10 கிலோ" என்று மட்டும் போடுவதை நிறுத்தலாம். இப்படி எழுதுங்கள்: "நீலக்கால், வலை நண்டு, ஆண் மட்டும், முள்ளுக்கு முள் 10 செ.மீ.க்கு மேல், சினை வேண்டாம், வடிய வைத்து எடை." முதல் இரண்டு பெட்டியில் சொன்னபடி வராது. அளவு குறைந்ததைத் தனியே எடுத்து, கார்டை மேலே வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பி, அந்த எடையைப் பில்லில் கழித்துவிடுங்கள். மூன்றாவது பெட்டியிலிருந்து அவரே கரையில் பிரித்து அனுப்பத் தொடங்குவார், ஏனென்றால் கழித்த காசு அவர் கையிலிருந்து போகிறது.